பத்துச் சொல், பத்துப் புளியங்கொட்டை, ஒரு சொட்டு ரத்தம்

மழை. கதவு. பால். குதிரை. ஊசி. கோவில். மாமா. கல். விளக்கு. கடல்.

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் உட்கார்ந்து இந்தப் பத்துச் சொற்களையும் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் ஆச்சிக்கு வாசித்தேன். ஒரே ஒரு தடவைதான் வாசிக்கலாம், அதுதான் விதி. "ஞாபகத்துல இருக்கறத எந்த வரிசையில வேணாலும் சொல்லுங்க ஆச்சி" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, "மிச்சம் உள்ளதான் கெடக்கு. கொஞ்சம் கழிச்சுக் கேளு, வரும்" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! கொஞ்சம் கழித்துக் கேட்பதுதான் இந்தச் சோதனையின் மறுபாதி. நான் வாயைத் திறக்கும் முன்பே ஆச்சி அதைச் சொல்லிவிட்டார்.

இதே மாதிரி பத்துச் சொற்களை 2017-18ல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் வாசித்தார்கள். 42,949 வீடுகள். 72,250 பேர். 45 வயதைத் தாண்டியவர்கள், கூடவே அவர்களுடைய கணவனோ மனைவியோ, அவர்களுக்கு என்ன வயதானாலும் சரி. அதில் 60 கடந்தவர்கள் 31,464 பேர். 75 கடந்தவர்கள் மட்டும் 6,749 பேர். லாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முதுமை ஆய்வை நடத்தியது மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் துணைக்கு நின்றன. இந்திய சுகாதார அமைச்சகம், அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மூன்றும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 2021 ஜனவரி 6 அன்று அறிக்கை வந்தது. 60 கடந்தவர்களில் ஏழரைக் கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய், 40 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உடல் இயலாமை, 20 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் என்று செய்திகளில் படித்தோமே, அந்த எண்களின் பிறந்த வீடு இதுதான்.

அந்த எண்கள் எந்த அடுக்களையில் வெந்தன என்று பார்க்கும் ஆசையில், இந்த ஒரு மாதமாகக் கேள்வித்தாள்களைத் தொடர்கதை மாதிரி படித்துக்கொண்டிருக்கிறேன். லாசியினுடையது, அதன் அமெரிக்க அக்காவினுடையது, இரண்டும். சில சோதனைகளை உங்களிடம் செய்து பார்க்கலாமா என்று ஆச்சியைக் கேட்டேன். "பரீட்சையா? வையி" என்றார். சொற்களை மட்டும் நானே கோத்துக்கொண்டேன்.

முதலில் அந்தப் பையைப் பார்க்க வேண்டும்! களப்பணியாளர் கொண்டுபோவது லேப்டாப் மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு குட்டி ஆய்வுக்கூடமே கூடப் போகிறது. பிரஷர் மெஷின், எடை மெஷின், உயரம் அளக்கும் கம்பம், இடுப்புச் சுற்றளவுக்கு நாடா, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர், பார்வை அட்டை, கையால் அழுத்தும் டைனமோமீட்டர், விரலில் குத்தும் ஊசி, ரத்தச் சொட்டை வாங்கும் வடிதாள்.

டைனமோமீட்டரை பிசியோதெரபி படிக்கும் தோழியிடம் கடன் வாங்கினேன். கிட்டித்துப் பிடித்தால் முள் நகரும். இத்தனை கிலோ என்று காட்டும். ஒவ்வொரு கைக்கும் இரண்டு தடவை. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, முப்பது வருஷம் ஈரத் துணி பிழிந்த கையால் ஓர் அழுத்து! முள் துள்ளியது. நானும் துள்ளினேன். இதில் அப்படி என்ன இருக்கிறது என்றால், 2015ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகள், ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். கைப்பிடி வலு 5 கிலோ குறைந்தால், எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். அகால மரணத்தை முன்கூட்டிக் காட்டுவதில் பிரஷர் அளவைவிட இந்தக் கைப்பிடி கெட்டி! ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்கவில்லை என்று ஒரு தாத்தா முணுமுணுத்தால் இனி நான் காது கொடுத்துக் கேட்பேன்.

நடையும் அப்படித்தான். தரையில் நாலு மீட்டருக்கு ஒரு கோடு. வழக்கமாக நடப்பது போல நடந்தால் போதும், ஓட வேண்டாம். இரண்டு தடவை. ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. 2011ல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, 34,485 முதியவர்களின் நடை வேகத்தையும் அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்பதையும் ஒட்டிப் பார்த்தார்கள். வேகம் கூடக் கூட ஆயுள் கூடியது. இதயமும் நுரையீரலும் முட்டியும் நரம்பும் மூளையும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அந்த நாலு மீட்டர். ஒரு ஸ்டாப்வாட்ச் இவ்வளவையும் ஒரே எண்ணில் பிடித்துவிடுகிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பார்வை அட்டையில் ஆங்கில 'ஈ' எழுத்து மட்டுமே இருக்கும். வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே என்று அது திரும்பித் திரும்பிப் படுத்திருக்கும். எழுத்துத் தெரிய வேண்டாம். மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். "சீப்பு மேல பாக்கு. சீப்பு இங்கிட்டுப் பாக்கு" என்று ஆச்சி அடுக்கிக்கொண்டே போனார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவருக்கு, படித்தவருக்குக் கிடைக்கும் அதே மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் இல்லையா, அந்த யோசனைக்கு நான் கைகூப்புகிறேன்.

ரத்தச் சொட்டு விஷயத்தில் ஆச்சியை நான் குத்தவில்லை. ஆனால் அந்த வடிதாளின் பூர்வீகம் தெரிந்ததும் சத்தம் போட்டுவிட்டேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டைத் தாளில் வாங்கி உலர்த்தி, பிறவி நோயைக் கண்டுபிடிக்கும் முறை அது. அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி 1963ல் அதை வெளியிட்டார். பச்சிளம் குழந்தைக்கு வந்த அதே தாள், இன்று எண்பது வயதுக்காரரின் விரல் நுனிக்கு வந்திருக்கிறது! குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கிராமம் ஏற வேண்டாம். சொட்டை உலர்த்தி, உறையில் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினால் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியும் ரத்தசோகையும் உடம்புக்குள் கனியும் அழற்சியும் தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை கருவி, வாயால் கேட்டால் போதாதா? 2002ல் அமர்த்தியா சென் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அன்றைய இந்தியாவில் அதிக ஆயுள் கேரளத்தில். தனக்கு நோய் இருக்கிறது என்று அதிகம் பேர் சொல்வதும் கேரளத்தில்தான். பீகாரில் ஆயுளும் குறைவு, நோய் இருக்கிறது என்று சொல்பவர்களும் குறைவு. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்து, டாக்டர் பெயர் சொல்லித் தந்தால்தான் தன் நோய்க்குப் பெயர் தெரியும். எந்த வசதியும் இல்லாத ஊரில் மூட்டுவலிக்குப் பெயர் 'வயசாயிட்டு'. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நிதி ஒதுக்கினால் அந்தப் பணம் பீகாருக்குப் போகவே போகாது. அதனால்தான் கேள்வியும் வேண்டும், கருவியும் வேண்டும்.

இதற்கு இன்னொரு அழகான வழியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வலியைக் கேட்பதற்கு முன்போ பின்போ, ஒரு கற்பனை மனிதரின் கதையைச் சொல்வார்கள். "ஒருத்தருக்கு மாசத்துல ஒரு நாள் தலைவலி வரும், மாத்திரை போட்டா போயிரும். இவர் வலி லேசா, நடுத்தரமா, கடுமையா?" அந்தக் கற்பனை மனிதருக்கு நீங்கள் போடும் மதிப்பெண்ணை வைத்து, உங்கள் அளவுகோல் நீளமா குட்டையா என்று கண்டுபிடித்து, பிறகு உங்கள் பதிலைச் சரிசெய்வார்கள். ஆச்சியிடம் கேட்டேன். "மாசத்துக்கு ஒரு நாளா? அதுக்கு எதுக்கு மாத்திர?" என்றார். அவருடைய கோல் எவ்வளவு நீளம் என்று அப்போதே தெரிந்துபோயிற்று!

இனி வயது. இதுதான் எளிய கேள்வி என்று நினைத்தேன். ஆச்சியின் ஆதாரில் பிறந்த தேதி 1949 ஜனவரி 1. "தனுஷ்கோடிய கடல் கொண்டுட்டுப் போச்சுல்லா, அப்ப ஒங்க பெரிய மாமா என் வயித்துல ஏழு மாசம்" என்கிறார் ஆச்சி. புயல் வந்தது 1964 டிசம்பரில். ஆதாரை நம்பினால் அப்போது ஆச்சிக்குப் பதினைந்து. அவரைக் கேட்டால் பத்தொன்பது. "கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் உண்டானேன்" என்று சாட்சியும் வைக்கிறார். முதுமை ஆய்வில் களப்பணியாளர்கள் தேதி தெரியாதவர்களிடம் இப்படித்தான் ஊர் நிகழ்ச்சிகளைக் கோத்து வயதைப் பிடிக்கிறார்கள். புயல், பஞ்சம், தலைவரின் மரணம், அணை கட்டிய வருஷம்.

இந்த நாலு வருஷ வித்தியாசத்தில் பணம் இருக்கிறது. மத்திய அரசின் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய பங்கு மாதம் 200 ரூபாய். 80ஐத் தாண்டினால் 500. ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டை 2024ல் 70 வயதான எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே வயதைச் சொல்வது ஆதார்தான். வயதைத் தோராயமாகச் சொல்லும் எல்லோரும் 60, 65, 70 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் போய்க் குவிகிறார்கள். அந்தக் குவியலை அளக்கவே ஒரு கணக்கு இருக்கிறது. 1940ல் அதை வகுத்தவர் ராபர்ட் மயர்ஸ். அவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியின் தலைமைக் கணக்கர்! ஒரு நாட்டின் பென்ஷன் கணக்கைக் கையில் வைத்திருந்தவருக்கு, மக்கள் வயதை எப்படி உருட்டுகிறார்கள் என்பது உள்ளங்கை ரேகையாகத் தெரிந்திருந்தது. இதைப் படித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொல்லியே விட்டேன்.

அந்த 200 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. வருஷக்கணக்காக அது அசையவே இல்லை. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து மாநில அரசு கூடப் போட்டு 1,200 ஆக்கியிருக்கிறது; அது ஆறுதல். ஆனால் மத்திய பங்கு உயரவே வேண்டும். லாசி எண்களை வைத்து எழுதப்பட்ட 2023ஆம் ஆண்டு இந்திய முதுமை அறிக்கை, நம் முதியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானோர் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கில் இருக்கிறார்கள் என்கிறது, 18.7 சதவீதம் பேருக்கு வருமானமே கிடையாது. இந்தியாவில் 2022ல் 60 கடந்தவர்கள் 14.9 கோடி. 2050ல் 34.7 கோடியாக இருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டே நாம் 200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? இங்கேதான் அமெரிக்க அக்கா வருகிறாள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1992ல் தொடங்கிய 'ஹெல்த் அண்ட் ரிடையர்மென்ட் ஸ்டடி'. 50 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 20,000 பேரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதே ஆட்களை, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய வீட்டாரிடம் போய்க் கடைசி நாட்களைப் பற்றியும் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கோப்பை மூடுகிறார்கள். இதைப் பார்த்து மெக்சிகோ 2001லும், இங்கிலாந்து 2002லும், ஐரோப்பா 2004லும், கொரியா 2006லும், சீனா 2011லும் தங்கள் நாட்டுத் தங்கைகளைப் பெற்றெடுத்தன. கேள்விகள் ஒத்துப்போவதால் சீனத்துப் பாட்டியையும் ஸ்ரீவைகுண்டத்து ஆச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசலாம்.

தம்பதிகளிடம் போனால், மிச்சிகன்காரர்கள் முதலில் கேட்பது: வீட்டுப் பணக்கணக்கு யாருக்கு நன்றாகத் தெரியும்? அவரே 'நிதி பதிலாளர்'. சொத்து, கடன், வருமானம் எல்லாம் அவரிடம்தான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டது தாத்தா, கணக்கு வைத்திருந்தது ஆச்சி. தாத்தா இருந்திருந்தால் இந்தப் பட்டத்தை ஆச்சிக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்திருப்பார்.

சரி, நிதி பதிலாளரும் வாய் திறக்கவில்லை என்றால்? சொத்து எவ்வளவு என்று கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான்: 'தெரியாது'. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வித்தையைப் பார்த்து நான் கைதட்டினேன். தொகையைக் கேட்பதில்லை. "இதுக்கு மேலயா, கீழயா?" என்று மட்டும் கேட்கிறார்கள். மேலே என்றால் இன்னும் பெரிய ஓர் எண். கீழே என்றால் சிறிய எண். இரண்டு மூன்று கேள்வியில் வட்டம் சுருங்கிவிடும். ஆச்சியிடம் முயன்றேன்.

"நகை எவ்வளவு இருக்கு ஆச்சி?"

"என்னத்த இருக்கு. ஒண்ணும் இல்லட்டி."

"பத்துப் பவுனுக்கு மேலயா கீழயா?"

"...மேலதான்."

"இருபதுக்கு?"

"ஏய், கீழ, கீழ! மெல்லப் பேசு."

அப்படியே கதவு திறந்துகொண்டது! ஆனால் முதலில் சொல்லும் எண் ஆளை இழுத்துவிடும். பத்தில் தொடங்கினால் ஒரு பதில், இருபதில் தொடங்கினால் வேறொரு பதில். இதையும் அவர்களே கண்டுபிடித்து, தொடக்க எண்ணை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட ஆரம்பித்தார்கள். தன் வலையில் உள்ள கிழிசலைத் தானே தேடித் தைக்கும் அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2004ல் அதே ஆய்வில் அன்னமாரியா லுசார்டியும் ஒலிவியா மிச்செலும் மூன்று குட்டிக் கேள்விகளைச் சேர்த்தார்கள். முதலாவது வட்டி: 100 டாலர், வருஷத்துக்கு 2 சதவீதம், ஐந்து வருஷம் கழித்து 102க்கு மேலா, சரியாக 102ஆ, குறைவா? இரண்டாவது விலைவாசி. மூன்றாவது, ஒரே கம்பெனிப் பங்கா, பல கம்பெனிகளைச் சேர்த்த ஃபண்டா, எது பத்திரம்? மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே! வாழ்நாள் சேமிப்பைத் தாங்களே முதலீடு செய்யச் சொல்லி விட்டிருந்த நாட்டில் இது பெரிய அதிர்ச்சி. டாலரை ரூபாயாக்கி ஆச்சியிடம் கேட்டேன். "நூத்திப்பத்தாவது வரும். வட்டிக்கு வட்டி உண்டா, அத மொதல்ல சொல்லு" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பங்குக் கேள்விக்கு மட்டும் "எனக்குத் தெரியாத சமாச்சாரம்" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

அப்புறம் புளியங்கொட்டை. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கும் பகுதிதான் இந்தக் கேள்வித்தாள்களில் எனக்கு ரொம்பப் பிரியமானது. "நீங்கள் 75 வயது வரை உயிரோடு இருக்க வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை?" மிச்சிகன்காரர்கள் இதை நேருக்கு நேர் கேட்டார்கள். அசட்டுத்துணிச்சல் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மைக்கேல் ஹர்டும் கேத்லீன் மெக்காரியும், வருஷங்கள் போன பிறகு அந்தப் பதில்களை எடுத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சொன்னவர்கள் அதிகமாக இறந்துபோயிருந்தார்கள். மனிதர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது! யார் எப்போது ஓய்வு பெறுவார், சேமிப்பை எவ்வளவு வேகத்தில் கரைப்பார் என்பதெல்லாம் இந்த உள்ளுணர்வோடு கட்டப்பட்டவை. பென்ஷன் கொள்கை வகுப்பவருக்கு இது தங்கச் சுரங்கம்.

சதவீதம் புழங்காத இடத்தில் கொட்டைகளும் விதைகளும் கைகொடுக்கின்றன. ஆய்வாளர்கள் மூவர் இந்தியக் கடற்கரையில் படகு உரிமையாளர்களிடம் போய், மீன் பாடு எப்படி இருக்கும் என்பதை இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். பத்து கொடுப்பதா இருபது கொடுப்பதா, எந்த வரிசையில் கேட்பது என்பதையெல்லாம் கூடச் சோதித்து 2011ல் வெளியிட்டார்கள். நானும் பத்துப் புளியங்கொட்டையை ஆச்சியின் முன்னால் கொட்டினேன். "ஆச்சி, நிச்சயம் நடக்கும்னா பத்தும் வைங்க. நடக்கவே நடக்காதுன்னா ஒண்ணும் வேண்டாம். தொண்ணூறு வரைக்கும் இருப்பீங்களா?"

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்பது வந்தது. பத்தாவதைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். "இது சாமிக்கு" என்றார்.

மொழிக்குள் நுழைந்தால் இன்னும் குதூகலம். ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்வீர்கள் என்று ஒரு சோதனை உண்டு. ஆங்கிலத்து 'அனிமல்'லுக்குள் கோழியும் மீனும் அடங்கும். நம் 'விலங்கு' கோழியை உள்ளே விடுமா? ஆச்சி முதலில் தொழுவத்தைக் காலி செய்தார்: பசு, காளை, கன்னுக்குட்டி, எருமை, வெள்ளாடு, செம்மறி. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கோவிலுக்குள் போனார்: யானை, சிங்கம், மயில், மூஞ்சூறு! சாமிகளின் வாகனங்களை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்தார். நினைவு இப்படித்தான் ஓர் அறையைக் காலி செய்துவிட்டு அடுத்த அறைக்குத் தாவுகிறது, அந்தத் தாவலையும் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள் என்று படித்திருந்தேன். கண்முன்னே பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மறதி நோயை எப்படிக் கண்டறிவது என்ற கேள்விக்கு, ஹரியானாவின் பல்லப்கரில் வேலை செய்த குழு ஒன்று 1995ல் விடை சொன்னது. நினைவைச் சோதிக்கும் அமெரிக்கத் தேர்வில் 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்' என்று இருந்த இடத்தில், 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்' என்று இந்தியில் மாற்றினார்கள். எவ்வளவு கனிவான மாற்றம்! அந்த இந்தித் தேர்வும் லாசியின் கிளை ஆய்வில் சேர்ந்தது. 60 கடந்த 4,096 பேரை விரிவாகச் சோதித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததற்கு இப்போது எப்படி இருக்கிறார் என்று வீட்டாரையும் கேட்டார்கள். 2023ல் முடிவு வந்தது. இந்திய முதியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இந்த எண் வருவதற்கு முன்பு அவர்களுக்கு வீட்டில் கிடைத்த பெயர் 'கெழடு தட்டிப்போச்சு' என்பதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அவசரம் உண்டு. 2021ல் நம் மக்களில் 60 கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று கணித்தார்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். நம் முன்னாள் தலைமைச் செயலாளர் கிரிஜா வைத்தியநாதன், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் சேர்ந்து 2023ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தமிழ்நாட்டில் தனியாக வாழும் முதியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. தனியாக. நம் ஊரில். அந்தப் பக்கத்தைப் படித்ததும் கட்டுரையை மூடிவிட்டு ஆச்சிக்குப் போன் செய்தேன். இந்தப் பரீட்சை தொடங்கியது அந்தப் போனில்தான்.

இதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. உண்மையான ஆய்வில் அந்தப் பத்துச் சொற்களைச் சில நிமிடங்களிலேயே மறுபடி கேட்டுவிடுவார்கள். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டேன். ஆச்சி காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தார்.

"ஆச்சி, முதல்ல பத்துச் சொல்லு சொன்னேனே, இப்ப எது எது ஞாபகம் இருக்கு?"

கண்ணை மூடிக்கொண்டார். "மழ கொட்டுது. மாமா குதிரையில கோவிலுக்குப் போயிருக்காக. கதவு சாத்திக் கெடக்கு. உள்ள வெளக்கு எரியுது. பால் காய்ச்சி வச்சிருக்கு."

நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு! ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஐந்து. நான் கொடுத்த ஒட்டாத சொற்களை, யாருக்கும் தெரியாமல் உள்ளேயே கதையாக நெய்து வைத்திருக்கிறார்.

"கடலும் இருந்துது" என்றார், கண்ணைத் திறக்காமலே. "ஆனா அது மாமா போற வழியில இல்ல."

எட்டு!

"அடுத்த தடவையும் இதே பத்துதானா?"

"இல்ல ஆச்சி. ஒவ்வொரு தடவைக்கும் வேற பட்டியல் குடுப்பாங்க."

காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப மாமாவ இங்கனயே எறக்கி விட்டிரட்டுமா?" என்றார்.